அல்பூரியா ஊரில் இல்லாத நாட்கள்

ரொசால்பா பார்க்கப் போகும் நாட்களில் மட்டும் அல்பூரியா நகரம் இருந்த இடத்தில் இருப்பதில்லை. மற்ற நாட்களில் அது அங்கேதான் இருக்கிறது. ரோமானியர்கள் கட்டி, விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து இருக்கிறது. இருபத்தொரு படி வரிசை கொண்ட அரைவட்ட அரங்கம், வெந்நீர்க் குளியல் கூடம், சந்தைச் சதுக்கம், வண்டிச் சக்கரம் தேய்த்த தடத்தோடு ஒரு கல் தெரு, பதினான்கு தூண்கள், அவற்றில் முழுசாக நிற்பவை நான்கு. ஜெர்மன்காரர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள், ஜப்பான்காரர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். ரொசால்பாவின் ஊரான காஸ்தெல்வேந்தோவிலிருந்தும் பாதிப்பேர் போய்ப் பார்த்துவிட்டு, "கல்லுதான், வேற என்ன" என்று சொல்லித் திரும்பியிருக்கிறார்கள். பார்க்கத் துடித்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் வாய்க்கவில்லை.

முதல் தடவை 1962 மே மாதம், பள்ளிச் சுற்றுலா. அவளுக்குப் பத்து வயது. ஆசிரியை கரும்பலகையில் வரைந்த நகர வரைபடத்தை அவள் நோட்டில் எடுத்துக்கொண்டு, எந்தத் தெரு எந்தத் தெருவில் முட்டும் என்பது வரை தலைகீழாகச் சொல்லுவாள். வழியில் ஒரு காபிக்கடை பக்கம் நிறுத்தி, பிள்ளைகள் ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும் என்றார் ஆசிரியை. நேரமாகிவிடும் என்று ரொசால்பா அழுத அழுகையில் பஸ் நிற்காமலே போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் கோதுமை வயல் இருந்தது. நல்ல விளைச்சல். டிக்கெட் கூண்டு இருந்தது, கூண்டுக்குள் ஆளும் இருந்தார், நகரத்தை மட்டும் காணோம். ஆசிரியை பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். வயல் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள், தலை எண்ணி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் காலை நகரம் இருந்தது என்று செய்தி வந்தது.

இரண்டாவது தடவை 1974, தேனிலவு. மாப்பிள்ளை நட்சரேனோ, அதே ஊர்க்காரன், கொத்தனார். வெனிஸுக்குப் போகலாம் என்று அவன் சொன்னதற்கு, தண்ணீரைப் போய் யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். சின்ன ஃபியட் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு காபி குடிக்க வேண்டும் என்று அவன் கெஞ்சினான், அவள் விடவில்லை. அந்தக் குடிக்காத காபியை அவன் அடுத்த முப்பது வருஷமும் சொல்லிக் காட்டினான். அல்பூரியாவில் அன்று சூரியகாந்தி பூத்திருந்தது, அடிவானம் வரைக்கும். கூண்டில் இருந்த புதுப் பையன் ஆல்தோ, "உள்ளதான் எங்கயாவது இருக்கும், நல்லாப் பாருங்க" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். சாயங்காலம் வரை செடிகளுக்கு நடுவே நடந்தார்கள். ரொசால்பா புதுச் செருப்பு அறுந்து அழுதுகொண்டே காரில் ஏறினாள்.

மூன்றாவது தடவை 2003. அதற்குள் அவளிடம் அல்பூரியாவைப் பற்றி அச்சான புத்தகங்கள் அத்தனையும் சேர்ந்திருந்தன. பங்குக் கோயில் பாடகர் குழு போகிறது என்றதும் பெயர் கொடுத்தாள். எங்கும் நிற்கக் கூடாது என்பதற்காக மூன்று பிளாஸ்க் நிறையக் காபி போட்டு எடுத்துப் போய், ஓடும் பஸ்ஸிலேயே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள், உச்சக்குரலில் பாடும் இரண்டு சோப்ரானோக்களின் சட்டையும் கறையானது. நட்சரேனோ சாரத்திலிருந்து விழுந்து முழங்காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்ததால் அவன் வரவில்லை. அங்கே போனால் அன்று உழுது போட்ட வெறும் நிலம். பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பியது.

வீட்டு வாசலில் நட்சரேனோ கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகக் காத்திருந்தான்.

"ரொசால்பா, உன் ஊரு இங்க வந்திருந்துச்சு."

"எந்த ஊரு?"

"அல்பூரியா. காலைல பத்து மணிக்கு முன்னாடியே வந்துருச்சு. நம்ம அவரைக் கொல்லைல. தெரு, தூணு, அரங்கம், ஒண்ணு விடாம. நாலு மணி வரைக்கும் இருந்துட்டு இப்பத்தான் போச்சு. உன்னத் தேடித்தான் வந்திருக்கும்."

ரொசால்பா கொல்லையைப் பார்த்தாள். ஒரு அவரைச் செடி கூடச் சாய்ந்திருக்கவில்லை. நட்சரேனோ நொண்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்ததாகவும், குளியல் கூடத்துத் தரையில் சின்னச் சின்னக் கல் பதித்து ஒரு ஆக்டோபஸ் இருந்ததாகவும், அதற்கு ஏழே கால்கள்தான் என்றும் சொன்னான். அந்த மொசைக் தரை கெட்டுப்போகாமல் இருக்க இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மணல் போட்டு மூடப்பட்டது. அதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய எல்லாப் புத்தகங்களிலும் அதைக் கையால் வரைந்த படம் உண்டு, எல்லாப் படத்திலும் எட்டுக் கால்.

இங்கே நட்சரேனோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காஸ்தெல்வேந்தோவில் அவனைப் போலக் கயிறு திரிக்க ஆள் கிடையாது. மேயர் செத்து ஒரு வருஷமாகிறது, நடமாடுவது அவருடைய இரட்டைத் தம்பி என்று ஊர் மதுக்கடையை ஒரு குளிர்காலம் முழுவதும் நம்ப வைத்தவன். மேயருடைய மனைவியே கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் அதற்கு என்ன மரியாதை இருக்கும்?

"ஊர் பூரா காதுல பூ சுத்தினே, சிரிச்சுக்கிட்டு இருந்தேன். என் ஆசைய வெச்சா விளையாடுவே?" என்றாள் ரொசால்பா. அதுதான் அவள் அவனோடு பேசிய கடைசி முழு வாக்கியம். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் "உப்பு" என்பான் அவன், அவள் உப்பை நகர்த்துவாள். "கதவு" என்பாள் அவள், அவன் சாத்துவான். பதினாறு வருஷம் இப்படிப் போனது. நட்சரேனோ அன்றோடு பொய் சொல்வதை விட்டான். மதுக்கடையில் அவனோடு சீட்டாட வந்தவர்கள், கடைந்தெடுத்த உண்மையைக் கேட்டுச் சலித்து ஒவ்வொருவராக வேறு மேஜைக்குப் போனார்கள்.

இதற்கிடையில் அல்பூரியா நகராட்சியும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது. நகரம் காணாமல் போன மூன்று நாட்களிலும் கூண்டுப் பக்கம் வந்த ஒரே பொதுவான ஆள் யார் என்று ஆல்தோ, தலை நரைத்த பிறகும் அதே கூண்டில் இருந்தவர், பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, பாடகர் குழுப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டிக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டினார்கள். கடிதமும் வந்தது, மிக மரியாதையான கடிதம். ரொசால்பா அதைப் படித்துவிட்டு வரைபட நோட்டுக்குள் மடித்து வைத்தாள்.

2019 மே மாதம், இரண்டாவது ஞாயிறு. அந்தப் பக்கங்களில் பாத்திரம் விற்கிறவர்கள் பஸ் பிடித்து, வயசானவர்களை இலவசமாக ஊர் சுற்றக் கூட்டிப் போவார்கள். சாப்பாடும் அவர்களுடையதே. பதிலுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒட்டாத வாணலியின் பெருமையைக் கேட்க வேண்டும். துல்லியோ என்கிறவன் அப்படி ஒரு பஸ்ஸை அல்பூரியாவுக்கு விட்டான். மொத்த டிக்கெட், கூண்டில் முகம் பார்க்க மாட்டார்கள். ரொசால்பாவுக்கு அறுபத்தேழு வயது. தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூன்று பிளாஸ்க்கோடு ஏறினாள். இந்தத் தடவையும் இல்லையென்றால் வரைபட நோட்டை அடுப்பில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தாள்.

பஸ் ஓட்டியவள் லொரெதானா. சட்டம் என்றால் சட்டம். விடியற்காலையிலிருந்து ஐந்து ஊர்களில் ஆள் ஏற்றி வந்திருந்தாள். பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்துக் காபிக்கடை வளாகத்தில் வண்டியை ஒடித்து நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"எதுக்கும்மா நிறுத்துறே? காபி என்கிட்ட இருக்கு!" என்று ரொசால்பா முன்னால் ஓடினாள்.

"காபிக்கு இல்ல சிஞ்ஞோரா. நாலரை மணி நேரம் ஓட்டிட்டேன், சட்டப்படி நாப்பத்தஞ்சு நிமிஷம் நான் ஓய்வெடுத்தாகணும், வண்டில இருக்கிற மெஷின் எண்ணிட்டு இருக்கு."

"பத்து நிமிஷம் போதாதா? உனக்குச் சின்ன வயசுதானே?"

"மெஷினுக்கு என் வயசு தெரியாதே."

பின்சீட்டில் இருந்த ஒரு கிழவர், "விடுங்க, அந்தக் கல்லெல்லாம் எங்க ஓடிடப் போகுது?" என்றார். ரொசால்பா கோபத்தில் பிளாஸ்க்குகளைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கினாள். எல்லோரும் காபிக்கும் கழிப்பறைக்கும் வரிசை கட்டினார்கள். அவள் மட்டும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் பின்பக்கத்துக்கு, யாரும் பார்க்காமல் அழுவதற்காகப் போனாள்.

அங்கே அல்பூரியா நின்றுகொண்டிருந்தது.

அதுவும் பாதி வழியில் இளைப்பாற நின்றிருந்தது. இடம் போதாததால் வரிசை மாறி உட்கார்ந்திருந்தது. அரங்கம் அறுத்த புல்வெளியில், சந்தைச் சதுக்கம் லாரி நிறுத்தத்தில் இரண்டு டாங்கர்களுக்கு நடுவில், கல் தெரு வேலியை ஒட்டி வளைந்து, தூண்கள் டீசல் பம்புக்கு அந்தப் பக்கம். எல்லாவற்றின் மேலும் சாலைப் புழுதி. குளியல் கூடத்திலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு லாரிக்காரர் தூணில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார், அவருக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. ரொசால்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஐம்பத்தேழு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்த ஊர் அது, எந்த மூலையில் எதை மாற்றி வைத்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியாதா? தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். அறுபத்தேழு வயதில் ஓடினாள், சந்தோஷத்தில் வாய்விட்டு ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டே. ரொட்டிக்கடை, துணி வெளுப்பவன் வீடு, நீர்த்தொட்டி. அவள் தாண்டியதும் நீர்த்தொட்டியில் தண்ணீர் வந்தது. சக்கரத் தடத்தில் இரண்டு பாதத்தையும் வைத்து நடந்து பார்த்தாள், கல் இளஞ்சூடாக இருந்தது.

காபிக் கோப்பையோடு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பின்சீட்டுக் கிழவர், "ஓ, இங்கயே இருக்கா, அலைச்சல் மிச்சம்" என்றார். துல்லியோ பழைய சாப்பாட்டுக் கடையின் கல் மேடையில் வாணலிகளைப் பரப்பி அங்கேயே ஒரு முட்டையை ஊற்றிக் காட்டினான். மேடை சூடாக இருந்ததால் அடுப்பு தேவைப்படவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு பாத்திரம் ஒரே நாளில் விற்றதில்லை. லொரெதானா மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து சட்டப்படி ஓய்வெடுத்தாள்.

ரொசால்பா குளியல் கூடத்துக்குள் போனபோது இருபது நிமிஷம் மீதி இருந்தது. வந்த வழியில் குலுங்கிய குலுக்கலில் மணல் எல்லாம் உதிர்ந்து, தரை துடைத்தது போலக் கிடந்தது. நடுவில் ஆக்டோபஸ். அவள் குனிந்து, விரல் வைத்து எண்ணினாள். பிறகு மண்டியிட்டு எண்ணினாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ரேனோ."

மறுமுனையில் நட்சரேனோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினாறு வருஷமாக அவள் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"என்ன ஆச்சு? பஸ் எங்கயாவது மோதிடுச்சா?"

"ஏழு" என்றாள் ரொசால்பா.

"என்ன ஏழு?" என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லா எண்ணினியா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். எட்டாவது கால் வைக்க எவனோ மறந்துட்டான்."

"நான் இங்க அவரைக் கொல்லைல நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். நீ கெளம்பிட்டேல்ல, அது இங்கதான் வரும்னு. இன்னும் காணோம்."

"வராது. பாதி வழில நின்னிருக்கு, காபிக்கடைல."

"நான் அன்னைக்கே சொன்னேன், காபி குடிக்க நிறுத்துன்னு."

ரொசால்பா சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. "உன்ன நம்பாமப் போயிட்டேன் ரேனோ. பதினாறு வருஷம்."

"என்னை யாருதான் நம்புவா? நானா இருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்" என்றான் அவன். "நேரத்த வீணாக்காத. போய் அரங்கத்தப் பாரு. மேல் படில உக்காரு, அங்கேர்ந்துதான் நல்லாருக்கும்."

மேல் படியில் போய் உட்கார்ந்தாள். எதிரே நெடுஞ்சாலை, கார்கள், தூரத்தில் கடல் கொஞ்சம். நாற்பத்தைந்தாவது நிமிஷம் லொரெதானா ஹாரன் அடித்தாள். பஸ் வீட்டுப் பக்கம் திரும்பியது, அல்பூரியா தன் இடத்துப் பக்கம் திரும்பியது. சாலை அலுவலகப் பதிவேட்டில் அன்றைய தேதியில், போக்குவரத்துத் தாமதம், காரணம்: நகரம், என்று ஒரு வரி இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அதன் பிறகுதான் ஊரில் ஆளாளுக்கு ஞாபகம் வந்தது. 1962இல் ஒரு செவிட்டு இடையன் ரொசால்பாவின் அப்பா நிலத்தில் ஒரு தூணில் ஆடு கட்டியிருக்கிறான், யாரும் கேட்காததால் சொல்லவில்லை. 1974இல் தபால்காரர் அவளுக்கு வந்த கல்யாண வாழ்த்து ஒன்றை, "வாசல்கள் அதிகம், சரியானது தெரியவில்லை" என்று எழுதித் திருப்பியிருக்கிறார். அல்பூரியா நகராட்சி தீர்மானத்தை ரத்து செய்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் இரண்டாவது ஞாயிறு அந்த நகரம் காபிக்கடைக்கு வருகிறது, ஆல்தோ டிக்கெட் மேஜையோடு முதல் நாளே வந்துவிடுகிறார். கடைக்காரர் அன்றைக்குக் கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு வைக்கிறார்.

நட்சரேனோவும் வருகிறான், தேனிலவில் குடிக்காத காபியை ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து குடிக்கிறான். ஒரு உண்மை நிரூபணமாகிவிட்ட தைரியத்தில் பழையபடி அளக்கத் தொடங்கியதால், மதுக்கடையில் அவன் மேஜையில் இப்போது இடம் கிடைப்பதில்லை. போன வருஷம் ஆக்டோபஸுக்கு எட்டாவது கால் முளைத்துவிட்டது என்று அங்கே சொல்லிவைத்தான். பாதி ஊர் பஸ் ஏறி வந்தது. ரொசால்பா முன்னால் போய் மண்டியிட்டு எண்ணினாள். ஏழுதான். "புளுகு மூட்டை" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில், அவன் கேட்பதற்கு முன்பே உப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.