ஓடை வரைக்கும்

பாஸ்டர் டேவிட் காட்டூர்க்காரர், நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரோசிக்கு ஏரியில் ஞானஸ்நானம் என்று அறிவித்துவிட்டார். அந்த நேரத்தில் கடல் உள்வாங்கி, அதோடு சேர்ந்த ஏரியிலும் தண்ணீர் வற்றிப்போகும் என்று தோணிரேவு ஊரில் யாரும் சொல்லவில்லை. தினமும் ஏரியில் கிடக்கிறவள், அவளைக் கேட்டுத்தான் குறித்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். ரோசியோ தெரிந்தே வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குச் சந்தேகம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி சேற்றில் இறால் தடவும்போதெல்லாம், தன் ஜெபத்தை மேலே நிஜமாகவே ஒருவர் கேட்கிறாரா என்று மனசு குடையும். இப்படி ஒருத்தி முழுகி எழுந்தால் அது பொய்யாகாதா? தள்ளிப்போனால் நல்லது என்றிருந்தாள்.

சபையே பாடிக்கொண்டு இறங்கியது. எவ்வளவு நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை.

"இன்னா பாஸ்டர், ரோசிக்கு காலுக்கு மட்டும் ஞானஸ்நானமா?" என்றாள் கூட வந்த எப்சிபா. கூட்டம் சிரித்தது.

பாஸ்டரின் முகம் வாடிவிட்டது. "என் தப்புதான். அடுத்த மாசம் வச்சிக்கலாம் சிஸ்டர்."

ரோசி விரும்பியதே கிடைத்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க தப்பு இல்லய்யா. வத்திப்பூடும்னு எனக்குத் தெரியும். மனசுல சந்தேகம், அந்த பயத்துல சொல்லல. அதோ, அங்க ஏரிக்குள்ளயே படகு போற ஓடை கீது. கழுத்தளவு இருக்கும்."

"கழுத்தளவா? எனக்கு நீச்சல் தெரியாதேம்மா!"

"நான் புடிச்சிக்கிறேன், வாங்க."

அவர் வந்தார். அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் "கீழ தரை இருக்கில்ல?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த அடியையும் வைத்தார். ரோசி அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஓடையில் நின்று கேட்டார்: "விசுவாசிக்கிறீங்களா சிஸ்டர்?"

"சந்தேகம் இன்னும் போவலய்யா. நீங்க பயந்துகினே வந்தீங்கல்ல? நானும் அப்படியே வரேன். போதுமா?"

பாஸ்டர் சிரித்தேவிட்டார். "எனக்கும் இவ்ளோதான் முடிஞ்சிது. போதும்மா!"

அவளை முழுக்கினார். முழுக்கிய வேகத்தில் கால் வழுக்கி அவரும் உள்ளே போனார். ரோசிதான் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ரெண்டு பேருக்கும் ஆச்சு! அல்லேலூயா!" என்று எப்சிபா கத்தினாள்.

ஏரிக்குள் எப்போதும் பறியைக் கடித்தே இருந்த வாய் அது. இன்று அதில் ஒன்றும் இல்லை. ரோசி தலையைத் துடைக்கக்கூட நிற்காமல் உரக்கப் பாடத் தொடங்கினாள்.