கண்ணாடி அலமாரியில் பதினொன்று

காலையில் கண்ணாடி அலமாரியைத் திறந்ததும் டீச்சருக்கு மறுபடியும் அந்த வாடை அடித்தது. நனைந்த காலுறையை டப்பாவில் போட்டு மூடி வைத்தால் வருமே, அதே வாடை. உள்ளே இருந்தவை பதினோரு மூச்சுக் கருவிகள். கடலுக்கடியில் போகிறவர்கள் வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சாமான். நேற்று மாலை அவளே கிருமிநாசினியில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசியவை.

வாடை எங்கிருந்து வருகிறது?

அவளுக்கு அது சின்னக் கேள்வி இல்லை. இந்த ஸ்கூபா கடையில் அவளுடைய நீச்சல் உடையைத் தவிர எல்லாம் அவள் அண்ணிக்கு, அதாவது கணவனின் அக்காவுக்குச் சொந்தம். ஆனால் ஆழ்கடலில் இறங்கக் கற்றுக்கொடுக்கும் அனுமதி டீச்சரின் பெயரில் இருந்தது. பயிற்சிக்கு வந்த மூன்று பேர் வாடையைப் பற்றிப் புகார் எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை பயிற்சிச் சங்கத்துச் சோதனை அதிகாரி வருகிறார். வாடை அவர் மூக்கிலும் ஏறினால் அனுமதி போய்விடும்.

அண்ணி முன்பு ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குத் தலைவி. தெருவில் அவளுக்குப் பினாயில் என்று பெயர்; நேரில் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கடை வாசலில் ஒரு பலகை: ‘ஈரக் காலுடன் உள்ளே வராதீர்கள்.’ கடலிலிருந்து வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வெயிலில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்று துடைத்துக்கொள்வார்கள்.

“நீ ஒழுங்கா கழுவலம்மா,” என்றாள் அண்ணி. “நான் துடைச்ச பிறகு ஒரு சொட்டு ஈரம் இருக்கா பாரு. முகம் பார்த்துக்கலாம்.”

“கழுவினது நான், துடைச்சது நீங்க. வாடை மட்டும் என் பங்கா அண்ணி?”

“வாய் நல்லாத்தான் பேசுது. அதே வேகம் கையிலயும் இருக்கணும்.”

டீச்சர் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். மருந்தின் அளவு குறைவோ? சோதனைக் காகிதத்தை நனைத்தாள். நிறம் சரியாக மாறியது. தண்ணீரோ? குடித்தே பார்த்தாள், ஒன்றுமில்லை. ரப்பர் பழசோ? போன வாரம் இரண்டு கருவிகளுக்குக் கடிக்கிற ரப்பரைப் புதிதாக மாட்டியிருந்தாள். நாலாம் நாள் அவையும் மற்றவற்றோடு சேர்ந்து நாறின.

அப்போது படகோட்டியான அவள் கணவன் தன் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான். அவள் அதைப் பிடுங்கி முகர்ந்தாள்.

“என்னடி, சந்தேகமா? நேத்து நான் எங்கயும் போகல.”

“சும்மா இருங்க. இதுல வாடையே இல்லை. இதை எதுல கழுவினீங்க?”

“நானா? எல்லாத்தோடயும் சேர்த்து நீதானே கழுவினே. இது நிறம் போனது, கண்ணாடிக்குப் பின்னாடி அசிங்கமா இருக்குன்னு அக்கா அலமாரியில சேர்க்கல. பின்னாடி கொடியில மாட்டிட்டேன்.”

அதே தொட்டி, அதே மருந்து, அதே கை. வேறுபட்டது அலமாரி ஒன்றுதான்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்து முன்மூடியைக் கழற்றினாள். மூடிக்குப் பின்னால் வட்டமாக ஒரு மெல்லிய ரப்பர் தகடு இருக்கும். நாம் மூச்சை இழுத்தால் தகடு உள்ளே குழியும். குழிந்து ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும். அது காற்றைத் திறந்துவிடும். அவ்வளவு எளிய, அழகான ஏற்பாடு. அந்தத் தகட்டுக்கு உள்பக்கம் அரைக் கரண்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலை வைத்தால் வழவழவென்றது. அண்ணியின் துணி வெளியே மட்டும்தான் போகும். வெளியே பளபளத்ததால் உள்ளே ஈரம் இருக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை.

அலமாரியோ தூசி நுழையக் கூடாதென்று கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டிச் செய்யப்பட்டது. தூசி நுழையவில்லை, ஈரமும் வெளியேறவில்லை. உள்ளே ஒரு நீல விளக்கு வேறு. அது கிருமியைக் கொல்லும் என்று அண்ணி வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். விளக்கு வந்த பெட்டியில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தது. அது கிருமிகளுக்கு இதமாகச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது.

“கொடியில தொங்கவிடறதா?” என்றாள் அண்ணி. “இது கடையா, சலவைக்காரர் வீடா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“மூணே நாள் அண்ணி. ஆறு கொடியில, அஞ்சு அலமாரியில. நீங்களே முகர்ந்து சொல்லுங்க.”

டீச்சர் பதினொன்றையும் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி பூட்டினாள்; ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டி, எது கொடி, எது அலமாரி என்று குறித்துக்கொண்டாள். மூன்று மாலைகளும் ஒரேபோல ஊறவைத்து அலசி, அதனதன் இடத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சரின் கணவன் ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினான்.

“சீ. இது கொடி. வெளிக்காத்து பட்டது, நாறாம என்ன செய்யும்? இது அலமாரி, சுத்தமா இருக்கு. இது... உவ்வே, கொடி.”

பதினொன்றும் முடிந்தன. அவன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி கண்ணைத் திறந்து எண்களைப் பார்த்தாள். கொடி என்று சொன்ன ஐந்தும் அலமாரியில் இருந்தவை.

“மாத்திக் கீத்தி வச்சிருக்கியாடா?”

“உன் மூக்கு மேல சத்தியமா இல்லைக்கா.”

அண்ணி எழுந்து போனாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், கொடிக்கயிற்றைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொக்கிகளைக்கூட ஒரே நிறத்தில் வாங்கி வந்திருந்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி நேராகக் கண்ணாடி அலமாரிக்குத்தான் போனார்.

“ஏன் இது காலியா இருக்கு?”

“அது அழகுக்கு சார்,” என்றாள் அண்ணி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். “சாமான் பின்னாடி காயுது.”

அதிகாரி கொடியிலிருந்து ஒன்றை எடுத்தார், முகர்ந்தார், காற்று உருளையில் மாட்டி வாயில் கடித்து நிதானமாக நாலு மூச்சு இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து டீச்சரின் அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: செய்கிற முறையை எழுதிக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்ட வேண்டும்.

அன்று மாலையே டீச்சர் எழுதி ஒட்டினாள்: கிருமிநாசினியில் பத்து நிமிடம் ஊற வை. நல்ல தண்ணீரில் அலசு. உள்ளே இருக்கும் தண்ணீரை உதறு. கடிக்கிற பக்கம் கீழே பார்க்க, நிழலில், காற்றில் மறுநாள் காலை வரை தொங்கவிடு. உள்ளேயும் காயாத எதையும் மூடி வைக்காதே.