மருந்தென்று ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமைகளில் அமிர்தம் மீன் கூடையைத் தொடுவதில்லை. காலை எட்டு மணிக்கே குளித்து, தலையை இழுத்து முடிந்துகொண்டு, ஒரு துணிப்பையோடு தேவனாம்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள். கடலூர் போய் அங்கிருந்து சிதம்பரம் பஸ் பிடிக்க வேண்டும். பைக்குள் அரை மீட்டர் வெள்ளைத் துணியும், ஒரு நூல்கண்டும், ஊசியும் இருக்கும். ஆறு மாதமாக அதே துணி, அதே நூல்கண்டு. மடித்த இடங்களில் துணி பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

"என்னாடி, தையல் கிளாசுக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு மாரியம்மாள். அவள் காலடியில் நெத்திலிக் கூடை இருந்தது.

"ஆமாக்கா."

"ஆறு மாசமாப் போற. ஒரு கொக்கி வெச்சுத் தெச்சு நான் பாத்ததில்ல. உன் தையலு சிதம்பர ரகசியமால்ல இருக்குது! திரைய வெலக்கினா உள்ள ஒண்ணும் இல்ல."

நிறுத்தத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அமிர்தமும் சிரித்தாள். உள்ளே ஒன்று நடக்கும்போது வெளியே சிரிப்பது அவளுக்கு இருபது வருடப் பழக்கம்.

சிதம்பரத்தில் அவள் போகும் இடம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. முன்பக்கம் ஆண்களின் வார்டு. குடியை நிறுத்த வருபவர்களுக்கு என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார்கள். அண்ணன் தம்பிகளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருபவர்கள் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று டீ குடிப்பார்கள். அதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. பெண்களுக்கான அறை பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. அதன் கதவில் 'மகளிர் தையல் பயிற்சி' என்று எழுதியிருந்தது. உள்ளே மூலையில் ஒரு தையல் மெஷின். அதில் நூல் கோத்து யாரும் பார்த்ததில்லை. முதல் வருடம் உண்மையான பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடம் முழுக்க ஒரு பெண் கூட வரவில்லை.

ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அந்தக் கூட்டத்தை நடத்திய ஜான்சியை எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். முப்பது வயதுக்காரி. அதிகம் பேசமாட்டாள். ஒருத்தி பேச்சை நிறுத்தினால், அவசரமாக எதையாவது சொல்லி அந்த இடைவெளியை அடைக்கமாட்டாள். காத்திருப்பாள். தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த அறைக்கு ஒரே ஒரு விதி இருந்தது. குடித்ததை அதன் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும். 'அது', 'இது' என்று சொல்லக்கூடாது.

பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் கொளஞ்சிக்கு அதில் சிரமமே இல்லை. முந்திரிப் பால் பட்டுக் கருத்துப்போன விரல்களை நீட்டி, "குவாட்டரு டீச்சர். ஒரு நாளைக்கு ஒண்ணு. கூலி ஜாஸ்தியா வந்தா ரெண்டு" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். தூக்க மாத்திரைக்காரி மாத்திரையின் பெயரைச் சொன்னாள். இருமல் டானிக் குடித்தவளும் சொன்னாள். அமிர்தத்துக்கு மட்டும் வாய் வரவில்லை.

"சுனாமி அலை வந்து போனப்புறம்தான் டீச்சர். வூடு போச்சு, என் தங்கச்சி போயிட்டா. தூக்கம் வராது. அப்பதான் மருந்து எடுத்துக்க ஆரம்பிச்சேன்."

"மருந்தா?" என்றாள் ஜான்சி.

"ஆமா. மருந்துதான்."

"எந்த நோவுக்கு?"

அமிர்தம் பையிலிருந்து துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொளஞ்சி அவளை உற்றுப் பார்த்தாள். "ஏன் யக்கா, அலைக்கு முந்தி நீ வாயில வெச்சதே இல்லியா? சாமி சத்தியமா?"

தண்ணீர் சொட்டியது. அமிர்தம் மடியில் இருந்த துணியின் மடிப்பைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஜான்சி அவளை வற்புறுத்தவில்லை. அன்று கூட்டம் அப்படியே முடிந்தது.

ஊருக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளோடு வந்தது. அலைமேல் பழி போடுவது எளிது. அலை திரும்பி வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஐந்து வருடமாக அவள் அப்படித்தான் சொல்லி வந்தாள். கேட்டவர்கள் 'உச்' கொட்டினார்கள். தானும் பாதி நம்பிவிட்டாள்.

கேட்டவர்கள் என்றால் நிறையப் பேர் இல்லை. புருஷன் சபாபதிக்குத் தெரியும். மகள் இலக்கியாவுக்குத் தெரியும். சபாபதி குடித்தால் அது கடற்கரை முழுக்கத் தெரியும். அவனும் மறைத்ததில்லை. அமிர்தம் குடித்தது அடுப்புக்கும் அரிசிப் பானைக்கும் மட்டும்தான் தெரியும். குடியால் ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்திருந்தபோதுகூட 'வயித்துல கட்டி' என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். அப்படி வருடக்கணக்கில் மறைத்து வந்ததால்தான் இலக்கியாவுக்குச் சோனங்குப்பத்தில் நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் சிப்காட்டில் வேலை பார்த்தான். அவன் அம்மா லோகநாயகி கௌரவம் பார்ப்பவள். "அவுங்க காதுல விழுந்துது, உம் பொண்ணு வாழாவெட்டிதான்" என்று சபாபதி பலமுறை எச்சரித்திருந்தான்.

இலக்கியா அப்போது நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருந்தாள். அந்த வாரமே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அமிர்தம் சிதம்பரம் போகவில்லை.

ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இலக்கியா சாம்பிராணிப் புகையில் கூந்தலை உலர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. மதியம் லோகநாயகி பூண்டும் பனைவெல்லமும் கொண்டு வந்தாள். கூடையின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுத்து அமிர்தத்திடம் நீட்டினாள்.

"பிராந்தி சம்பந்தி. நல்ல சரக்கு. பச்ச ஒடம்பு பாருங்க, குளிரு புடிச்சா ஜன்னி கண்டுடும். வெந்நீர்ல ரெண்டு மூடி கலந்து குடுங்க. மொத மருந்து பெத்தவ கையாலதான் ஊத்தணும்."

"நர்ஸக்கா வேணாம்னு சொன்னாங்களே அத்த" என்றாள் இலக்கியா மெல்ல.

"நர்ஸு பெத்தாளா, நான் பெத்தனா? மூணு பெத்திருக்கேன். மூணுக்கும் எங்க மாமியா ஊத்தினாங்க. என்னா கெட்டுப்போயிட்டேன்?"

அமிர்தம் பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூடியைத் திருகினாள். சீல் உடையும் அந்தச் சிறிய 'நொறுக்' அவள் முதுகுத்தண்டு வரை இறங்கியது. வாசனை வந்தது. ஆறு மாதம் ஒரு நொடியில் எங்கோ போயிற்று. பாட்டிலைச் சாய்த்ததில் கொஞ்சம் சிந்தி விரல் நனைந்தது. அந்த விரல் தன்போக்கில் வாயை நோக்கி உயர்வதை யாரோ ஒருத்தியின் விரலைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள்.

வெளியே லோகநாயகி மருமகளிடம் சொல்வது கேட்டது. "மருந்துடி. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுடு."

விரல் நின்றது.

இதே சொற்கள்தான். ஒன்று கூட மாறவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இலக்கியா பிறந்த ஒன்பதாம் நாள், அமிர்தத்தின் மாமியார் சொன்னதும் இதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தொண்டை எரிந்தது. பிறகு உடம்பு பஞ்சுபோல ஆனது. ஒரு மாதம் ஊற்றினார்கள். ஊற்றுவதை அவர்கள் நிறுத்திய பிறகு அவளே ஊற்றிக்கொண்டாள். இடுப்பு வலிக்கு என்றாள். நீர் கோத்தது என்றாள். இரண்டு மூடி நான்கானது, பாதிப் பாட்டிலானது. பெயர் மட்டும் மாறவே இல்லை. மருந்து சாப்பிடுகிறவளைக் குடிகாரி என்று யார் சொல்வார்கள்? அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். டம்ளரை எடுக்காமல் பாட்டிலோடு வெளியே வந்தாள். வாசலில் சபாபதி வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்களை முடிந்துகொண்டிருந்தான். பட்டப்பகலில் அவனிடமிருந்தும் அதே வாசனை வந்தது.

"இது மருந்து இல்ல சம்பந்தி" என்றாள் அமிர்தம். "இது குடி."

"என்னா சொல்றீங்க?"

"நானும் மருந்துன்னுதான் குடிச்சேன். இவ பொறந்தப்ப ஆரம்பிச்சேன். இருபத்திரண்டு வருஷம் விட முடியல. செவ்வாக்கெழம நான் தையல் கிளாசுக்குப் போவல. குடிய நிறுத்தறதுக்குப் போறேன்."

சபாபதி வலையை உதறிவிட்டு எழுந்தான். "வாய மூடுடி நாயே! பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கப் பாக்கிறியா?"

அமிர்தம் அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கட்டிலருகே போனாள்.

"குடிச்சுட்டு உனக்குப் பால் குடுத்தேன் இலக்கியா. ரெண்டு மாசம் நீ அழுவவே இல்ல. குடுத்தா தூங்குவ, எழுப்பினாலும் எழுந்துக்க மாட்ட. சமத்துக் கொழந்தன்னு தெருவே மெச்சிச்சு. அது சமத்து இல்லம்மா. மயக்கம்."

இலக்கியா தாயையே பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று அமிர்தத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

லோகநாயகி குனிந்து மருமகள் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "இப்படிப்பட்ட குடும்பமா இது! இந்தக் கையாலயா எங்க வூட்டுப் புள்ளயத் தொட்டீங்க? இத்தினி நாளா ஒரு குடிகாரி கையிலயா..."

குழந்தை வீறிட்டது.

"அத்த, கொழந்தயக் குடுங்க" என்றாள் இலக்கியா. குரல் உயரவில்லை. "பசிக்குது அவனுக்கு. எனக்கு அது வேணாம். அம்மா, கொண்டுபோய்க் கொட்டிடு."

அமிர்தம் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். முழுவதும் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது குழந்தை தாய்மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. லோகநாயகி போய்விட்டிருந்தாள். பூண்டுக் கூடையை மட்டும் மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

மாப்பிள்ளை அந்த வாரம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. சபாபதி பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்தினான். மாலையில் மட்டும் வாசலில் நின்று, ஊர் கேட்கும்படி அவளைத் திட்டிவிட்டுக் குடிக்கப் போவான். குடிக்கப் போகிறவன் குடியை விட்டவளைத் திட்டுவதில் ஊருக்கு எந்த வியப்பும் இருக்கவில்லை. இலக்கியா தாயிடம் பேசினாள். தேவைக்கு மட்டும் பேசினாள். சில நேரம் தூங்கும் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்ப்பாள். அது சிணுங்கிய பிறகுதான் கையை எடுப்பாள். அமிர்தம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பஸ் நிறுத்தத்தில் மாரியம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தையல் பற்றி அவள் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அமிர்தம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் ஜன்னலில் கடந்துபோவதைப் பார்த்தபடி போனாள். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

அறையில் அன்று ஒரு நாற்காலி காலி. தூக்க மாத்திரைக்காரி வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கொளஞ்சி ஒரு கேள்வி கேட்டா டீச்சர்" என்று தொடங்கினாள் அமிர்தம். "அலைக்கு முந்தியே குடிச்சேன். பிராந்தி. எம் பொண்ணு பொறந்த ஒம்பதாம் நாள்லேர்ந்து."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜான்சி வழக்கம்போலக் காத்திருந்தாள். இருமல் டானிக் குடித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு யக்கா சொன்ன?" என்றாள் கொளஞ்சி. "பாட்டில கை தவறி ஒடைச்சிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே. பொண்ணு வாழ்க்கையும் தப்பிச்சிருக்கும்."

"இந்தப் பாட்டில் ஒடஞ்சா நாளைக்கு வேற பாட்டில் வரும். அதுக்கும் மருந்துன்னுதான் பேரு சொல்லுவாங்க."

அமிர்தம் பையிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். எழுந்துபோய்த் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"இது இனிமே எனக்கு வேணாம். இந்த மெஷின எடுத்துட்டு, கதவுல நெசப் பேர எழுதிடலாமா டீச்சர்?"

ஜான்சி காலி நாற்காலியைப் பார்த்தாள். "எழுதினா நாலு பேரு வர மாட்டாங்கம்மா."

அமிர்தம் மெஷின்மேல் இருந்த துணியின் மடிப்பைக் கையால் நீவினாள். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதான் டீச்சர் நம்மளக் கொன்னுது" என்றாள். "ஆம்பள குடிச்சா குடின்னு சொல்லி, வைத்தியத்துக்குக் கூட்டிட்டு வராங்க. பொம்பளைக்குப் பேரையே மறைச்சுடுறாங்க, நாமளும் சேந்து மறைக்கிறோம். பேரு சொன்னாத்தான் எந்த நோவுக்கும் மருந்து கெடைக்கும். நாம நோவுக்கே மருந்துன்னு பேரு வெச்சுட்டோமே! அப்புறம் எதத் தின்னு பொழைக்கிறது?"