ஒரு நிமிஷ மாப்பிள்ளை

அந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. நாலு வயதுப் பொடிசிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். தலைமை ஆசிரியைகூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளித்தார்.

பெயர் வந்த கதை சின்னது. அந்த பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அவருடைய மாமியார். அவர் ஓட்டுநராக வந்து சேர்ந்தபோது ஆயா ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்ட ஆள். இரண்டு வருஷம் படிக்கட்டில் நின்றபடியே இவரை எடைபோட்டிருக்கிறாள். பிறகு வீட்டில் போய்ச் சொன்னாளாம்: "எதுக்கும் லேட்டா வராத ஆளு. கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வந்துடுவான். முடிச்சிடலாம்." முடித்தும் விட்டாள். மறுநாளிலிருந்து பஸ்ஸுக்குள்ளேயே கணீரென்று "மாப்பிள்ளை, போலாம்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு சொல் விழுந்தால் அது ஒட்டாமல் போகுமா?

மாப்பிள்ளைக்கு இன்னொரு புகழும் உண்டு. எந்த நிறுத்தத்திலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டார். கலெக்டர் பிள்ளையாக இருந்தாலும் சரி, காய்ச்சல் வந்த பிள்ளையாக இருந்தாலும் சரி, அறுபது விநாடி ஆனதும் கியர் விழுந்துவிடும். இது வீம்பு இல்லை, சூடுபட்டுக் கற்றுக்கொண்டது. வேலைக்கு வந்த புதிதில் பரீட்சை நாளன்று ஒரே ஒரு பிள்ளைக்காக நாலு நிமிஷம் காத்திருந்தார். ரயில்வே கேட் மூடிவிட்டது. அது ஒருமுறை மூடினால் சாமானியத்தில் திறக்காது. நாற்பது பிள்ளைகளும் பரீட்சைக்கு அரை மணி நேரம் பிந்திப் போய், பாதிப் பேர் அழுதுகொண்டே எழுதினார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுதான். பதினாறு வருஷமாகக் காலை ரயில் வருவதற்குள் கேட்டைத் தாண்டிவிடுவதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

அந்தப் பெருமைக்கு அடிக்கடி குறுக்கே வந்தது ஒன்றே ஒன்று, மாமியாரின் செருப்பு. மாதத்தில் நாலைந்து தடவையாவது கியர் போடும் நேரம் பார்த்து, "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம், செருப்பு விழுந்துடுச்சு" என்பாள். படிக்கட்டில் நிற்கிறவளின் செருப்பு தெருவில் கிடக்கும். கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி, குனிந்து, தட்டி, மாட்டி, மறுபடி ஏறுவதற்குள் ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் போய்விடும். அதற்குள் எந்த அம்மாவாவது மூச்சிரைக்கப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவாள். அதிர்ஷ்டக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார் மாப்பிள்ளை. மாமியாரை வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது. வார் வைத்த செருப்பாக, அழுத்தமான பக்கிள் உள்ளதாகப் பார்த்து மூன்று ஜோடி வாங்கிக் கொடுத்தார். அவையும் விழுந்தன. ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்லையே" என்று கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்காத மனிதரைக் குழந்தைக்காகப் பத்து வருஷம் காக்க வைத்தது காலம். ஒருவழியாக மகள் பிறந்தாள். பட்டாணி மாதிரி இருந்ததால் பட்டாணி. அவள் பிறந்த காலையில்கூட மாப்பிள்ளை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதை அவர் மனைவி இன்று வரை சொல்லிக் காட்டுகிறாள், சாகும் வரை சொல்வாள். பாட்டியோ பேத்தியைத் தரையில் விட்டதில்லை. விடுமுறை நாளில் பஸ்ஸைக் கழுவும்போது, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயா சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நீ பள்ளிக்கூடம் போற அன்னைக்கு உன்னை நான்தான் இந்தப் படியில தூக்கி ஏத்துவேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாளோ.

சொன்னவள் இருக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பஸ் ஓடாத நாளாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளை குழந்தை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு ஒரு புது ஆயா வந்தாள். நல்ல பெண், செருப்பு விழாத பெண். பிள்ளைகளில் யாரும் அதன்பின் ஒரு நாள்கூடப் பிந்தி வரவில்லை. கடைசியில் தன்னுடைய கண்டிப்பு பலித்துவிட்டது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

பட்டாணியைப் பள்ளியில் சேர்த்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா, ஒரு காலத்தில் பஸ்ஸின் புகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர், குத்தலாகக் கேட்டார்: "உங்க பொண்ணு லேட்டா வந்தாலும் இதே சட்டம்தானா?"

"என் பொண்ணா இருந்தாலும் ஒரு நிமிஷம்தான்" என்றார் மாப்பிள்ளை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் நாற்பது பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். "நிஜமாவே விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"நீ நேரத்துக்குக் கொண்டு வந்துடு. பேச்சே இல்லை."

"நாலு வயசுப் பிள்ளையைக் கிளப்பிப் பார்த்திருக்கீங்களா நீங்க?"

அவர் பார்த்ததில்லை. பிள்ளைகள் எல்லோரும் பிறக்கும்போதே தலை வாரி, பை மாட்டி, நிறுத்தத்தில் நிற்பதாகத்தான் அவருக்கு நினைப்பு.

முதல் நாள் விடியும் முன்பே பஸ்ஸை எடுக்கக் கிளம்பிவிட்டார். தூங்குகிற மகளின் நெற்றியில் ஒரு முத்தம். வாசலில் புது ஷூ, கறுப்பு, வெள்ளிப் பக்கிள் வைத்தது, தயாராக இருந்தது. அவர்கள் வீட்டு நிறுத்தம் மருந்துக் கடை முனை. வீட்டிலிருந்து இரண்டு திருப்பம். பாதையில் அதுதான் கடைசி, அடுத்தது ரயில்வே கேட்.

மருந்துக் கடை முனையில் பஸ் நின்றபோது அங்கே யாரும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியில் வீட்டுச் சந்தின் முனையைப் பார்த்தார். ஒரு நாய் படுத்திருந்தது. மருந்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். மற்ற நாளில் சந்தைக்கடையாக இரைகிற பஸ் அது. இருபது விநாடி. முப்பது.

வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. அரை மணி நேரமாகப் பட்டாணி, "நானே போட்டுக்குறேன், யாரும் தொடக் கூடாது" என்று அந்தப் பக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கெஞ்சியும் ஆயிற்று, மிரட்டியும் ஆயிற்று. பாட்டி இருந்திருந்தால் ஏதாவது கதை சொல்லி, காதும் காதும் வைத்தாற்போல் மாட்டிவிட்டிருப்பாள்.

நாற்பத்தைந்து விநாடி. பதினாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறோம் என்று அவருக்கு முதல் முறையாக ஒரு கணக்கு ஓடியது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் ஒரு பட்டாணிதானே. நிற்கலாம், நின்றால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையை விட்டுவிட்டுப் போவது? போகலாம், போனால் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி ஓடி வருகிறவள் முதலில் பார்ப்பது அப்பாவின் பஸ் போகிற முதுகைத்தான். இரண்டும் தாங்காது போலிருந்தது.

"அண்ணே, மணி ஆயிடுச்சு" என்றாள் புது ஆயா மெல்ல.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டார். பஸ் ஓரடி நகர்ந்தது.

வெளியே 'டொக்' என்று ஏதோ விழுந்தது.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்" என்றாள் எட்டாம் வகுப்புக் கண்ணாடிக்காரி. "என் ஷூ விழுந்துடுச்சு."

பிரேக் போட்டார். புது ஆயா இறங்கி எடுத்து வந்தாள். கியரைத் தொட்டார். 'டொக்.' அடுத்த ஜன்னலிலிருந்து இன்னொரு ஷூ. அதை எடுக்க இறங்குவதற்குள் மூன்றாவது, நாலாவது. அப்புறம் எண்ண முடியவில்லை. சின்னதும் பெரிதுமாக, சேறு அப்பியதும் புதிதுமாக, மருந்துக் கடை முனையில் ஷூ மழை பெய்தது. நாய் எழுந்து ஓடியது.

மாப்பிள்ளை சீட்டிலிருந்து திரும்பினார். நாற்பது முகங்களும் பச்சைப் பிள்ளை மாதிரி அவரைப் பார்த்தன. கண்ணாடிக்காரியின் வலது காலில் காலுறை மட்டும் இருந்தது.

"லேஸ் கட்டின ஷூ எப்படிம்மா விழும்?" என்றார் கோபமாக.

"ஆயாவுக்கு வார் வெச்ச செருப்பு எப்படி விழும்? அப்படித்தான்" என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று ஜோடி செருப்பு. அழுத்தமான பக்கிள். செருப்புத் தைப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சொல்லிவைத்தாற்போல் ஓடி வந்த பிள்ளைகள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், பக்கத்தில் நின்ற மனுஷி தெருவைப் பார்த்துக்கொண்டு செருப்பு வாரைத் தளர்த்தியதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?" கண்ணாடிக்காரிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் ஒண்ணாவது படிக்கும்போதே எனக்காக ஒன்பது தடவை விழுந்திருக்கு."

"அப்போ இந்த எட்டு மாசமா யாருமே லேட்டா வரலையே?"

"எப்படி வருவாங்க? விழறதுக்குத்தான் செருப்பு இல்லையே. பயந்துக்கிட்டு எங்கம்மா பத்து நிமிஷம் முன்னாடியே கொண்டு வந்து நிறுத்திடுறாங்க."

மாப்பிள்ளை இன்ஜினை அணைத்தார். பதினாறு வருஷத்தில் ஒரு நிறுத்தத்தில் அந்த இன்ஜின் அணைந்தது அன்றுதான். தன்னை இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாள் கிழவி என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

அப்போது சந்து முனையில் அவர்கள் வந்தார்கள். மனைவிக்குப் பாதித் தலைதான் வாரியிருந்தது. பட்டாணி, இரண்டு ஷூவையும் தானே மாட்டிய கர்வத்தோடு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தாள். ஓடக்கூட இல்லை. தெருவெல்லாம் ஷூ கிடப்பதைப் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் ஏம்மா கழட்டிட்டாங்க?"

அம்மா பதில் தேடுவதற்குள் அவளே புரிந்துகொண்டாள். பஸ் ஏறும் முறை இது போலிருக்கிறது. கீழே உட்கார்ந்து, அரை மணி நேரம் போராடி மாட்டிய பக்கிளை ஒரே இழுப்பில் அவிழ்த்து, ஷூவைத் தூக்கி எறிந்தாள். பஸ்ஸுக்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி.

"கிளம்பிட்டேன்" என்றார் அவர். "உங்கம்மா விடல."

அவள் தெருவைப் பார்த்தாள், ஷூக்களைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷூ பொறுக்க ஆரம்பித்தாள். மருந்துக் கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். எது யாருடையது என்று பார்த்து மாட்டியதில் இரண்டு பேர் அன்று ஒரே காலுக்கான ஷூக்களோடு வீடு திரும்பினார்கள் என்பது பிறகு தெரிந்த சங்கதி.

பட்டாணியின் ஷூவை அவரே மாட்டினார். அவள் தடுக்கவில்லை. பிறகு அவளைத் தூக்கி, மூன்று படியும் ஏற்றி, ஆயா சீட்டில் உட்கார வைத்தார். "இது பாட்டி பண்ண வேண்டியது. பாட்டிக்காக நான் பண்றேன்" என்றார். "சரி" என்றாள் அவள், பெரிய மனுஷி மாதிரி. புது ஆயா அவளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள்.

ரயில்வே கேட் அவர்கள் முகத்துக்கு நேராக மூடியது. மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தடதடவென்று ரயில் வந்தது, பதினான்கு பெட்டி, நீலம். பஸ் முழுக்க ஒரே ஆரவாரம். நாற்பது பிள்ளைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையாட்டினார்கள், ரயிலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பிரஷ்ஷை ஆட்டிப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாகவே போய்க்கொண்டிருக்கிற பிள்ளைகள் இந்த ரயிலை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நாளைக்கும் ரயில் வருமாப்பா?" என்றாள் பட்டாணி.

"அது உன் பக்கிளைப் பொறுத்தது" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். "என்ன மாப்பிள்ளை, உங்க பொண்ணு வர்ற முதல் நாளே லேட்டா?"

ரயில்வே கேட் மூடிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. மாப்பிள்ளை காலரைச் சரி செய்துகொண்டார்.

"செருப்பு விழுந்துடுச்சு மேடம்" என்றார்.

தலைமை ஆசிரியை குனிந்து அவர் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் ஷூ இறுக்கமாக, லேஸ் இரட்டை முடிச்சோடு இருந்தது.

"ஆயாவுக்கும் அடிக்கடி விழும்" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட கேட்டை அகலமாகத் திறக்கச் சொன்னார்.