சமர்ப்பணப் பக்கம்

எங்கள் பள்ளியில் ஆண்டு மலரை யாராவது ஓர் ஆசிரியருக்குச் சமர்ப்பிப்பது வழக்கம். யாருக்கு என்பது அவருக்கே கடைசிவரை தெரியக் கூடாது. மே மாதக் கூட்டத்தில், மேடையில் மலரை விரித்துப் பெயரை வாசிக்கும்போதுதான் அவர் எழுந்து நிற்பார். சிலர் அழுதுவிடுவார்கள்.

1954-ல் மலர்க் குழுவுக்கு நான் தலைவி. எங்களுக்குப் பொறுப்பாசிரியர் மிஸ் கோவாச், வரலாறு நடத்தினார். அந்த ஆண்டு அவருக்கே சமர்ப்பிப்பது என்று முடிவு செய்தோம். மலரின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் அவர் வரிவரியாகத் திருத்தினார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்கு அனுப்பினோம்.

படம் என் அம்மா கொடுத்தது. துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளிடம் மிஸ் கோவாச்சின் இளவயதுப் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அம்மா பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். கண்ணாடி ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எடுத்த படம். கையில் பெரிய கரண்டியோடு ஓர் ஒல்லியான பெண் சிரிக்கிறாள். பின்னால் அடுப்பில் பானை. அதைக் கிளறும் இன்னொருத்தியின் முதுகு. சுவரில் ஒரு துணிப் பதாகை.

"இது இர்மா. முதுகு என்னோடது," என்றாள் அம்மா. "யார் கொடுத்ததுன்னு யார்கிட்டயும் சொல்லாதே. இடுப்பு எவ்வளவு பெருசா தெரியுது பாரு."

இடுப்புக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

படத்தில் முகம் இருந்தால் அடியில் பெயர் இருக்க வேண்டும் என்பது மிஸ் கோவாச் எங்களுக்கு வைத்திருந்த விதி. 'இர்மா கோவாச், பசித்தவர்களுக்குச் சூப் ஊற்றுகிறார், 1934' என்று எழுதினேன். முதுகுக்குப் பெயர் தேவைப்படவில்லை. எங்கள் குழுவில் புகைப்படம் பார்த்துக்கொண்ட வெர்னான் இருட்டறையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, மங்கியிருந்த பதாகையின் எழுத்துகளைத் தெளிவாக எடுத்துக் கொடுத்தான். அது ஏதோ தொழிலாளர் உதவிச் சங்கத்தின் பெயர். நாங்கள் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அழகாக விழுந்திருக்கிறது என்றுதான் பார்த்தோம்.

அதற்கு முந்தைய அக்டோபரில் எங்கள் இசை ஆசிரியர் ஒரு புதன்கிழமை வரவில்லை. வியாழனும் வரவில்லை. திங்களன்று அவர் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. என் அப்பா வேலை பார்த்த ஆலை அப்போது போர் விமானங்களுக்குக் கண்ணாடி செய்துகொண்டிருந்தது. அவரும் தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தார்.

அச்சகத்திலிருந்து மலர்க் கட்டுகள் வந்த மறுநாள் காலை தலைமையாசிரியர் திரு. பார்மலி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தாழ்வாரத்தில் எதிரே வந்த வெர்னான், "மெடல் குத்தப் போறாங்க, தலையை வாரிட்டுப் போ," என்றான்.

அறையில் திரு. பார்மலியோடு சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாநில விசாரணைக் குழுவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. ஆசிரியர்களின் உறுதிமொழித் தாள்களை வாங்கிப்போக வந்தவர், காத்திருந்த நேரத்தில் மேஜைமேல் கிடந்த மலரைப் புரட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது. பதாகையின் மேல் அவருடைய பென்சில் படுத்திருந்தது. அந்தச் சங்கம் அரசின் கம்யூனிஸ்ட் பட்டியலில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் மிகவும் தன்மையாகப் பேசினார். எத்தனை வயது, எந்தக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்று கேட்டார். அப்பா ஆலையில் எந்தப் பிரிவு என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பிறகு படத்தின் அடியில் பெயரை எழுதியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. விட்டுவிட்டு அடிக்கும் நீளமான மணி. குண்டு விழுந்தால் மேஜைக்கடியில் பதுங்குவதற்கான பயிற்சி.

எங்கள் பள்ளியில் அந்த மணி அடித்தால் விலக்கு கிடையாது. விதியை எழுதி ஒட்டியவரே திரு. பார்மலி. நூறு கிலோவைத் தாண்டிய அவர் மேஜைக்கு அடியில் புகுந்தார். நானும் புகுந்தேன். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கழுத்தின் பின்னால் கைகளைக் கோத்தேன். சாம்பல் கோட்டுக்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவருடைய காலணிகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. பழுப்பு நிறம், புதிதாக மெருகு போட்டவை. ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

திரு. பார்மலியின் மூச்சில் காபி வாடை அடித்தது. என் காதுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, "தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிடும்மா. அது வேற யாரோன்னு சொல்லு," என்றார்.  

மணி நின்றது. எழுந்தோம். திரு. பார்மலி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பெயரைத் தவறாகப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். என் குரல் வேறு அறையில் கேட்பதுபோல இருந்தது.

"சரி, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார் அவர். "படம் உனக்கு யார் கொடுத்தாங்க? அதைச் சொல்லு போதும். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, யார் யாருன்னு."

அந்த முதுகைப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் அதே நிலை. இஸ்திரி போடும்போதும் அம்மா அப்படித்தான் நிற்பாள். எனக்குத் தெரிவது அவருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறந்துபோன யாராவது. ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்து நின்றது ஒரே ஒரு பெயர்தான்.

கதவு தட்டப்பட்டது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வோர் ஆசிரியரும் தங்கள் வகுப்பின் தலைக்கணக்கை ஒரு சீட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுக்க வேண்டும். முதலில் வந்தவர் மிஸ் கோவாச்.

சீட்டை நீட்டினார். "இருபத்தொன்பது பேர் சார். ஒருத்தி உங்ககிட்ட இருக்கா." என்னைப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் அவருக்கான சமர்ப்பணம் இருந்தது. அதை அவர் வாசித்தார் என்று நினைக்கிறேன். உதடுகள் லேசாக அசைந்தன. அதன் பிறகுதான் படத்துக்கு வந்தார். அங்கே வெகுநேரம் இருந்தார்.

அந்த மனிதர் மறுபடியும், அதே தன்மையான குரலில், படம் யாருடையது என்று என்னைக் கேட்டார்.

"படம் நான் கொடுத்தது," என்றார் மிஸ் கோவாச். "அதுல இருக்கறதும் நான்தான். பேர் சரியாத்தான் போட்டிருக்கு."

சமர்ப்பணம் ரகசியம் என்பது திரு. பார்மலிக்குத் தெரியும். தன் படத்தைத் தானே கொடுத்திருக்க வழியில்லை என்பதும் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

"பின்னாடி நிக்கறது யாரு?" என்றார் அந்த மனிதர்.

"முதுகை வெச்சு எப்படி சார் சொல்றது?" என்றார் மிஸ் கோவாச். "இருபது வருஷம் ஆச்சு. வர்றவங்க போறவங்க எல்லாரும் கிளறினாங்க."

என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கதவைச் சாத்தும்போது மிஸ் கோவாச்சுக்கு நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை வரலாறு வகுப்பில் உடற்பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்தார். யாரும் கேட்கவில்லை. அன்று மதியம் திரு. பார்மலி மலர்க் குழுவைக் கிடங்குக்கு வரச்சொல்லி, ஆளுக்கொரு சவர பிளேடு கொடுத்தார். முந்நூற்று எண்பது பிரதிகள். அந்தத் தாளை மட்டும் வெட்ட வேண்டும். மறுபக்கத்தில் பள்ளி வாத்தியக் குழுவின் படம் இருந்தது, அதுவும் போனது.

 "எழுத்தை நான்தான் தெளிவாக்கினேன்," என்றான் வெர்னான்.  தாள் கிழிபடும் சத்தம் மட்டும் இருந்தது.

ஒரு பிரதியை வெட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கலாம். கதவருகே நின்ற திரு. பார்மலி எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நான் என் பெயர் எழுதிய பிரதியைத் தேடி எடுத்து, அதைத்தான் முதலில் வெட்டினேன்.

வீட்டில் அம்மா மலரைக் கேட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தாள் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதன் மேல் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினாள்.

"இர்மா என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அம்மா மலரை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது.