அணிலுக்கு மட்டும் கையுறை

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள் அணிலின் சித்தி வந்தாள். தலைமையாசிரியையின் அறைக் கதவைத் தானே சாத்திவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள். உள்ளே இருந்த மூன்றாவது ஆள் விளையாட்டு ஆசிரியர்.

அணில் என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு, பெற்றவர்கள் இல்லை. பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி. இருக்கிறது. நாள் தவறாமல் மாத்திரை போடுகிறாள். எல்லாரையும் போல ஓடலாம், ஆடலாம், அவளால் யாருக்கும் ஆபத்தில்லை என்று மருத்துவர் கடிதமே கொடுத்திருந்தார்.

"ஆஸ்பத்திரி போற நாளுக்கெல்லாம் பொய் சொல்லி லீவு கேட்டு அலுத்துப் போச்சு மேடம். அதான் சொல்றேன். இது இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது. அவ முன்னாடி படிச்ச ஸ்கூல்ல தாண்டிடுச்சு. ஒரு வருஷம் தனி பெஞ்சுல உக்காந்திருந்தா."

"தாண்டாதும்மா. அந்த நாள் பாடத்தையும் நாங்களே பார்த்துக்கறோம்," என்றார் தலைமையாசிரியை.

விளையாட்டு ஆசிரியரும் தலையாட்டினார். கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் வாய்க்குப் பூட்டுப் போட்டவர் கைக்குப் போட மறந்தார். மறுநாளே ஒரு பெட்டி ரப்பர் கையுறை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். மற்ற பிள்ளைகளுக்கு அவருடைய இருபது வருஷ வைத்தியம் வேறு: குழாய்த் தண்ணீர், சட்டைப்பையில் இருக்கும் கர்ச்சீப், முதுகில் ஒரு தட்டு.

கால்பந்துப் போட்டிக்கு நாலு நாள் இருக்கையில் அது நடந்தது. கோல் காத்த அணில் பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. ஆசிரியர் அவளிடம் ஓடவில்லை, அறைக்கு ஓடினார். கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது மொத்த அணியும் சுற்றி நின்றது.

"என்ன சார், ஆபரேஷனா?" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

அணித்தலைவி சிரிக்கவில்லை. கேள்வி கேட்டே ஆளைக் கொல்வதால் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"போன வாரம் என் மூக்கு உடைஞ்சப்போ வெறுங்கையாலதானே சார் பிடிச்சீங்க? இவளுக்கு மட்டும் ஏன்?"

சிரிப்பு அடங்கியது. அவர் பிடியில் அணிலின் கை விறைத்தது. ஒரு சொல் பிசகினால் தனி பெஞ்சு.

"உனக்குப் போடாததுதான் தப்பு," என்றார். "யார் ரத்தமா இருந்தாலும் கையுறை போடணும்னு முதலுதவிப் பயிற்சியிலயே சொன்னாங்க. எனக்குச் சோம்பேறித்தனம். இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு."

"கரெக்டா இவ விழுந்தப்போதான் வந்துச்சா?"

"என்னைக்காவது வரணுமில்ல? உன் முட்டியும் சிராய்ச்சிருக்கே, காட்டு."

அணிலுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டார்; புதிது மாட்டி வக்கீலின் முட்டியில் மருந்தை வைத்தார்.

"ஐயோ, எரியுது சார்!"

"வக்கீலே வாய்தா கேக்குறாடி!" என்று யாரோ கத்த, கூட்டம் கலகலத்துக் கலைந்தது.

அணில் பையை எடுத்தாள். "நாளைலேருந்து நான் பிராக்டிஸுக்கு வரல சார்."

ஆசிரியர் நேரே தலைமையாசிரியையிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டார்.

"வாயால சொல்லாததைக் கையால சொல்லிட்டீங்களே சார்."

அன்று மாலையே எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை போனது. வகுப்பறை, ஆய்வகம், பள்ளி வண்டி, எல்லா இடத்திலும் கையுறைப் பெட்டி. யாருக்கு அடிபட்டாலும் ஒரே முறை. பெயர் எதுவும் இல்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நூலக வாசலில் அணிலைப் பிடித்தார். அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"டாக்டர் லெட்டரைப் படிச்சீங்கதானே சார்?"

"படிச்சேன். தலைக்கு ஏறுச்சு, கைக்கு இறங்கல. பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

"கையுறை மட்டுமா? போன வருஷம் நான் நடுவுல ஆடினேன். சித்தி வந்துட்டுப் போன மறுநாளே கோல்ல நிறுத்திட்டீங்க. என்மேல யாரும் மோதக் கூடாதுன்னுதானே? என்னைக் காப்பாத்தவா, அவங்களைக் காப்பாத்தவா?"

அவளுடைய பாதுகாப்புக்கு என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"அவங்களை," என்றார். "தேவையே இல்லாத காவல்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

மாலை மைதானத்தில், "வக்கீல் கோலுக்குப் போ. அணில் நடுவுல," என்றார்.

"மூணு நாள்ல மேட்ச்ச வச்சுக்கிட்டு இப்பவா சார் மாத்துவாங்க? அதுவும் அவதான் வரலையே!"

"நான் மாத்தி நிறுத்தினதுதான் தப்பு. போ."

நடுவிடம் காலியாக இருந்தது. அவர் விசில் ஊதவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்தும் போயிற்று. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் அணில் படியிறங்கி வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள்.

"சார், யாராவது என்மேல மோதினா?" எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டாள்.

"மோதினா எழுந்து ஓடு. எல்லாருக்கும் அதேதான்."

"சீக்கிரம் வாடி, இருட்டிடும்!" என்று கோலிலிருந்து கத்தினாள் வக்கீல்.

அணில் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கோட்டைத் தாண்டி நடுவிடத்துக்கு நடந்தாள்.