மக்டலீன் வெட்டுப்பாண் கடை

பாண் ரொட்டியை நடுவே பிளந்து, பொரித்த சூரை மீனை உதிர்த்து, வெங்காயமும் வறுத்த மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டி உள்ளே அடைத்து விற்கலாம் என்பது மக்டலீனுக்கு வந்த யோசனை. புருசன் சந்தியோகு நெருப்புக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மிஞ்சியது பள்ளிக்கூடம் போகிற ஒரு மகனும் நல்ல கைப்பக்குவமும்தான். யாழ்ப்பாணம் ரெயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை போட்டாள். கொழும்புக்கு ரெயில் ஏறுகிறவர்கள் வாங்கினார்கள். பிறகு ஏறாதவர்களும் வந்து வாங்கினார்கள். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார் அதைச் சான்ட்விச் என்றார்கள். சனம் வெட்டுப்பாண் என்றது. சனம் வைத்த பெயர்தான் நிலைத்தது.

மகன் கனிசியஸ் இங்கிலீசு படித்தவன். உத்தியோகத்துக்கு அலைந்து களைத்துக் கடைசியில் தாயின் கடைக்கு வந்தான். வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"எணை அம்மா, எல்லாக் கடையையும் நாங்களே ஏன் நடத்த வேணும்? பேரைக் குடுப்பம், தூளைக் குடுப்பம், செய்யிற விதத்தையும் காட்டிக் குடுப்பம். அவங்கள் நடத்திப்போட்டு எங்களுக்கு ஒரு பங்கு தரட்டும்."

"பேரையும் ஆரும் வாங்குவினமோடா?" என்று மக்டலீன் சிரித்தாள்.

வாங்கினார்கள். முதலில் சுன்னாகம், பிறகு சாவகச்சேரி, பருத்தித்துறை என்று கடைகள் முளைத்தன. எங்கே போனாலும் ஒரே பச்சைப் பலகை, அதில் வெள்ளை எழுத்தில் 'மக்டலீன் வெட்டுப்பாண் கடை'. சைவ ஊர்களில் மீனுக்குப் பதில் கத்தரிக்காய்ப் பொரியல். தூள் மட்டும் எல்லாக் கடைக்கும் குருநகர் வீட்டிலிருந்து, மக்டலீன் தன் கையால் வறுத்து இடித்துத் தகரத்தில் அடைத்து, பஸ்ஸில் போகும்.

மக்டலீனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவள் பிறந்த ஒழுங்கை குருநகரிலேயே ஒதுக்குப்புறமான சந்து. கோயிலில் பக்கத்தில் முழந்தாளிட்டு நிற்கிறவர்கள்கூடத் தங்கள் வீட்டில் அவளைக் கதிரை போட்டு இருத்தமாட்டார்கள். சாதி என்று வந்தால் அந்தோனியாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆகவே தன் பெயர் எழுதிய கடை ஒன்றில், கதிரையில் இருந்து, யாரோ கொண்டுவந்து முன்னால் வைக்க, ஒரு வெட்டுப்பாண் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். கரவெட்டியில் புதிதாகத் திறந்தது எல்லாவற்றிலும் பெரிய கடையாம். அதற்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கும்போதெல்லாம் கனிசியஸ் வெயில் என்பான், பஸ்ஸில் நெரிசல் என்பான், அடுத்த மாதம் பார்ப்பம் என்பான்.

அவன் கொழும்புக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவள் தனியே கிளம்பினாள். பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்தாள். பெண்கள் தனியே கடையில் இருந்து சாப்பிடுகிற வழக்கம் அப்போது இல்லை. தன்னுடைய கடைக்குப் போக அவளுக்கு என்ன வெட்கம்?

கரவெட்டியில் பலகையைக் கண்டதும் நின்று எழுத்துக் கூட்டித் தன் பெயரை வாசித்தாள். மனம் நிறைந்துபோயிற்று.

"வாங்கோ, இருங்கோ," என்றார் கடையை எடுத்து நடத்துகிற சீவரத்தினம். அவள் இருந்தாள். கதிரை நல்ல கதிரை. வெட்டுப்பாணும் தேத்தண்ணியும் கேட்டாள்.

"நீங்கள் எவடம்?"

"குருநகர்."

"குருநகரிலை எவடம்?"

அவள் ஒழுங்கையைச் சொன்னாள், தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அடுத்ததாக, நான்தான் மக்டலீன் என்று சொல்லி அவரை அசத்திவிட வேண்டும் என்ற நினைப்பு, பாவம். பக்கத்து மேசைக்காரருக்கு யாழ்ப்பாணப் பட்டினத்து ஒழுங்கையெல்லாம் மனப்பாடம். அவர் எழுந்துபோய்ச் சீவரத்தினத்தின் காதில் குசுகுசுத்தார்.

"எழும்பு," என்றார் சீவரத்தினம். "பின்னாலை கொட்டில் கிடக்கு, அங்கை போ. கொண்டந்து தருவாங்கள்."

"இது மக்டலீன்ரை கடையெல்லோ?"

"ஓம். மக்டலீன் எண்டிறது வெள்ளைக்காரத் துரைசாணி. அவவின்ரை கடையிலை உன்னைக் கதிரையிலை இருத்திறதோ?"

நான்தான் அவள் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நம்பியிருந்தால் அதைவிட மோசம். பலகை அன்றைக்கே இறங்கியிருக்கும். மகனின் பிழைப்பை நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனாள். தேத்தண்ணி சிரட்டையில் வந்தது. பாணைப் பூவரசம் இலையில் வைத்து எட்ட நின்று தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து அவள் வறுத்த தூளின் மணம் வந்தது. அவள் அதைத் தொடாமலே எழும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கனிசியஸ் வெள்ளைக் கோட்டோடு வந்து இறங்கினான். மக்டலீன் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

"ஆரடா துரைசாணி?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "கரவெட்டிக்குப் போனனியோ?"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"நான் சொல்லேல்லையெணை. பேரைப் பார்த்து அவங்களாத்தான் அப்பிடி நினைச்சவங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தா அங்கை கடை வந்திராது."

"அப்ப உன்னை ஆரெண்டு சொன்னனீ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "துரைசாணியின்ரை ஆள் எண்டு."

சுமந்து பெற்று, மிளகாய் இடித்த காசில் படிக்கவைத்த பிள்ளை. மக்டலீன் எழுந்து கையை ஓங்கினாள்.

"பெத்த தாயை மறைச்சுப்போட்டு, நீ மட்டும் அங்கை கதிரையிலை இருந்து திண்டனியோடா?"

"இல்லையெணை. என்னட்டையும் எவடமெண்டு கேட்டவங்கள்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எண்டைக்கு?"

"கடை திறந்த அண்டைக்கே. உள்ளுக்கை எல்லாருக்கும் விருந்து. என்னைக் கொட்டிலிலை விட்டவங்கள். அதுக்குப் பிறகு போறநேரமெல்லாம் அங்கைதான்."

"இந்தக் கோட்டோடையோ?"

"ஓம்."

"சிரட்டையிலையோ?"

அவன் தலையை ஆட்டினான். முப்பது வயது ஆம்பிளை, தாயின் முன்னால் குற்றவாளி போல நின்றான். அடிப்பதற்கு உயர்த்திய கையால் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"திண்டனியோ, ராசா?" என்று கேட்டாள். "அவங்கள் தந்த பாணை, அந்தக் கொட்டிலிலை இருந்து திண்டனியோ?"

"திண்டனான்," என்றான் கனிசியஸ். "உன்ரை தூள்தானேயம்மா."